செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய வெல்டிங் மெஷின், ஆறு மாதம் கழித்து

கேட் கீல் ஒன்று விட்டுப்போனதற்கு ஆள் கூப்பிட்டால் முழு நாள் கூலி கேட்கிறார்கள், அந்தக் கடுப்பில்தான் செவ்வாய்ப்பேட்டைக் கடை ஒன்றில் 200 ஆம்பியர் இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் வாங்கினேன். பழைய டிரான்ஸ்பார்மர் மெஷின் மாதிரி இரண்டு பேர் தூக்க வேண்டாம், தோளில் மாட்டிக்கொண்டு மொட்டை மாடிக்கே ஏறிவிடலாம். 200 வரை வைக்கத் தேவையே வரவில்லை, 2.5 எம்எம் தடிமனுள்ள 6013 ரக வெல்டிங் ராடுக்கு 70, 80 ஆம்பியர் வைத்தாலே ஜன்னல் கம்பி எல்லாம் நன்றாகப் பிடிக்கிறது. மெல்லிய ஸ்கொயர் பைப்பில்தான் சோதனை. கொஞ்சம் நிதானித்தால் ஓட்டை விழும், அதனால் பொட்டுப் பொட்டாக வைத்து, ஆறவிட்டு, மறுபடி வைக்கிறேன்.

கூடக் கொடுத்த எர்த் கிளாம்ப் (வெல்டிங் செய்யும் இரும்பில் கவ்வ வைக்கும் கிளிப்) சுத்த மோசம், ஸ்பிரிங்கில் பிடிப்பே இல்லை, இரண்டாம் நாளே மாற்றினேன். கையில் பிடிக்கும் கண்ணாடியையும் ஓரமாக வைத்துவிட்டு, தானாக இருளும் ஹெல்மெட் வாங்கிவிடுங்கள். வெல்டிங் வெளிச்சம் பட்டு, கண்ணில் மண் கொட்டிய மாதிரி ஒரு ராத்திரி தூங்காமல் கிடந்தவன் சொல்கிறேன்.

ஏற்காட்டில் மச்சான் வீட்டுக்கு எடுத்துப்போனபோது பனியில் ராடெல்லாம் நமுத்துப்போய்ப் படபடவென்று பொரிந்தது, அப்புறம் அக்காவின் தோசைக்கல்லில் சூடுகாட்டித்தான் வேலை முடிந்தது. திட்டு தனி.