இன்டக்ஷன் அடுப்போடு பாத்திரத் தொகுதி வாங்குவோர் கவனத்துக்கு

காலி வீதியில் வெள்ளவத்தைப் பக்கமாக உள்ள ஒரு மின்சாதனக் கடையில், இன்டக்ஷன் அடுப்பொன்றையும் அதனோடு விலைக்கழிவில் தரப்பட்ட பாத்திரத் தொகுதியையும் வாங்கி நாங்கள் ஏமாந்த விதத்தை, அதே பொருளை வாங்க எண்ணியிருப்போர் அறிந்துகொள்வதற்காக எழுதுகிறேன். 2022ஆம் ஆண்டின் எரிவாயுத் தட்டுப்பாட்டுக்குப் பிறகு கொழும்பில் பல வீடுகளில் இவ்வகை அடுப்பு இடம்பிடித்துவிட்டதால், அடுப்பை விடப் பாத்திரத்தில்தான் இப்போது வியாபாரத் தந்திரம் நடக்கிறது.

கடையில் செய்துகாட்டியபோது எந்தக் குறையும் தெரியவில்லை. விற்பனையாளர் கடைக்குச் சொந்தமான கனத்த எனாமல் பாத்திரத்தில் தண்ணீர் வைத்தார். அது விரைவாகக் கொதித்தது. "அக்கா, இந்த அடுப்புக்கெண்டே வந்த செட் இது, வீட்டில இருக்கிற சில்வர் சட்டியும் சரிவரும்" என்றார். இன்டக்ஷனுக்கு ஏற்றது என்பதைக் குறிக்கும் சுருள் அடையாளமும் பெட்டியின் மேல் அச்சிடப்பட்டிருந்தது. ஆனால் பெட்டியைத் திறந்துகாட்ட அவர் உடன்படவில்லை. ஒட்டுநாடா கிழிந்தால் பொருளை விற்க முடியாதாம்.

வீட்டில் பெரிய பானையை ஏற்றியதும், மேலே எதுவுமே இல்லாததுபோல் அடுப்பு பீப் ஒலி எழுப்பி நின்றுவிட்டது. சிறிய சட்டி சூடாகியது, அதுவும் நடுவில் மட்டும். குளிர்சாதனப் பெட்டிக் கதவிலிருந்த காந்தத்தை எடுத்துச் சட்டியின் அடியில் வைத்தபோது, நடுவே சிறு வட்டத்துக்குள் அது கவ்விப் பிடித்தது. விரலால் ஓரத்துக்கு நகர்த்தியதும் கழன்று விழுந்தது. அலுமினியச் சட்டியின் அடியில் கோப்பைத் தட்டைவிடச் சிறிய இரும்புத் தகடொன்றை அழுத்திப் பதித்துவிட்டு, அதற்கு இன்டக்ஷன் பாத்திரம் என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். பானையில் அந்தத் தகடுகூட இல்லை.

இவ்வடுப்பின் கண்ணாடிக்குக் கீழுள்ள கம்பிச்சுருள் உண்டாக்கும் மாறும் காந்தப்புலம் பாத்திரத்தின் அடியிலேயே மின்னோட்டத்தைத் தூண்டுவதால்தான் வெப்பம் பிறக்கிறது. ஆகவே காந்தம் ஒட்டக்கூடிய, தட்டையான, சுருளின் அகலத்துக்கு ஈடான அடி வேண்டும். மண்சட்டி, செம்பு, சாதாரண அலுமினியம் ஆகியவை உதவா. 18/8 என்று பொறித்த எவர்சில்வரிலும், அடியில் காந்தத் தகடு சேர்க்கப்படாவிட்டால், பெரும்பாலும் காந்தம் ஒட்டாது. வீட்டுச் சில்வர் சட்டியெல்லாம் சரிவரும் என்ற பேச்சு அதனாலேயே பொய்யாயிற்று. எல்லாப் பாத்திரமும் வைக்க வேண்டுமென்றால் இன்ஃப்ராரெட் அடுப்பைக் கேட்க வேண்டும். அதற்குத் தட்டையான அடி போதும்.

வெப்ப நிலைகளைப் பற்றியும் கடையில் தவறாகவே சொன்னார்கள். மிகக் குறைந்த நிலையில் வைத்தாலும் இந்த அடுப்பு மெல்ல எரிவதில்லை. பலமாகச் சூடேற்றிச் சற்று நின்று, மீண்டும் பலமாகச் சூடேற்றுகிறது. இப்படி நடுவில் மட்டும் கொதித்ததால் சொதியின் தேங்காய்ப்பால் திரைந்துபோயிற்று. மின்சாரம் மிச்சமாகும், எப்போதும் உச்ச நிலையிலேயே வையுங்கள் என்ற அறிவுரை அதைவிட மோசம். ஒட்டாப் பூச்சுள்ள வெறுஞ்சட்டியை உச்சத்தில் விட்டால் வெப்பம் விரைவில் ஏறிவிடும். ஏறக்குறைய 260 பாகை செல்சியஸைக் கடந்தால் அப்பூச்சு சிதையத் தொடங்கும், மெல்லிய அடியும் வளைந்துவிடும். திரையில் தெரியும் வெப்பநிலை எண்ணையும் நம்பி இருக்க வேண்டாம். உணரி கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது, கறிக்குள் இல்லை.

முறையிடச் சென்றபோது உரிமையாளர் பணத்தைத் திருப்பித் தர மறுத்து, சட்டிக்கு அடியில் வைக்கும் இரும்புத் தட்டொன்றை மேலதிக விலைக்கு நீட்டினார். அத்தட்டு முதலில் தான் சூடாகிப் பிறகே சட்டிக்கு வெப்பத்தைக் கடத்தும். இதனால் நேரமும் மின்சாரமும் வீணாவதோடு, அடுப்பின் கண்ணாடியும் அளவுக்கு மீறிச் சூடாகும். நாங்கள் வாங்கவில்லை. அடுப்பின் பிளக்கை வேறு வகைப் பிளக்கில் செருகுவதற்கென இலவசமாகக் கொடுத்த அடாப்டரையும் பயன்படுத்தவில்லை. 2000 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 அம்பியர் இழுக்கும். பழைய தொடர்மாடிகளில் உள்ள 5 அம்பியர் வட்டமுனைப் பிளக்கில் அதைச் செருகுவது தீயோடு விளையாடுவதாகும்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையை 1977 என்ற இலக்கத்தில் அழைக்கலாம்; எழுத்துமூல முறைப்பாட்டைப் பொருள் வாங்கி மூன்று மாதங்களுக்குள் அனுப்ப வேண்டும். எங்கள் பற்றுச்சீட்டில் "சட்டி செட்" என்று மட்டுமே எழுதியிருந்தார்கள். ஆகையால் பெட்டியிலுள்ள சுருள் அடையாளத்தையும், காந்தம் ஒட்டாத பானையின் அடியையும் படமெடுத்து இணைத்தே முறைப்பாட்டை அனுப்பியிருக்கிறோம். நீங்கள் வாங்கும்போது "இன்டக்ஷன் செட்" என்று சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். காந்தமொன்றையும் கையோடு கொண்டுபோங்கள்.