பதினாறாவது குதிரை: அயர்லாந்து ஹேண்டிகேப்களில் ஆறு ஆண்டு ஈச்-வே அனுபவம்

உடன் வேலை செய்யும் நண்பர் போன வாரம் கேட்டார்: "ஈஸ்டர் திங்கட்கிழமை ஃபேரிஹவுஸ் போகிறேன். ஐரிஷ் கிராண்ட் நேஷனலில் ஈச்-வே கட்டட்டுமா, வின் மட்டும் கட்டினால் போதுமா?" ஃபேரிஹவுஸ் குதிரைப் பந்தய மைதானம், ஐரிஷ் கிராண்ட் நேஷனல் அங்கே நடக்கும் பெரிய தடைதாண்டும் ஓட்டம். வின் என்றால் குதிரை வெல்ல வேண்டும்; ஈச்-வே என்றால் வெற்றிக்கும், முதல் சில இடங்களுக்குள் வருவதற்கும் சேர்த்துக் கட்டுவது. அவர் கேட்ட நேரம் நல்ல நேரமில்லை. இரண்டு நாள் முன்புதான் என் குதிரை நான்காவதாக வந்திருந்தது. எனக்கு ஒரு சென்ட்கூடக் கிடைக்கவில்லை. அன்று அரைகுறையாகச் சொன்ன பதிலை இங்கே முழுமையாக எழுதுகிறேன். ஆறு குளிர்காலங்களாக அயர்லாந்தின் தடைதாண்டும் ஹேண்டிகேப்களில், அதாவது திறமைக்கேற்ப முதுகில் எடை ஏற்றிக் குதிரைகளைச் சமப்படுத்தும் ஓட்டங்களில், ஈச்-வே மட்டுமே கட்டி வருகிறேன். ஒவ்வொரு சீட்டும் நோட்டில் இருக்கிறது.

ஈச்-வேயில் கட்டும் பணத்தில் பாதி வின்னுக்கும் பாதி பிளேஸுக்கும் (முதல் சில இடங்களில் வருவதற்கு) போகும் என்பது தெரிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். நான் சொல்ல வந்தது பதினாறு என்ற எண்ணைப் பற்றி.

வழக்கமான விதிப்படி, ஹேண்டிகேப்பில் 16 குதிரைகளோ அதற்கு மேலோ ஓடினால் முதல் நான்கு இடங்களுக்குப் பணம் உண்டு. விலையில் கால் பங்கு. 12 முதல் 15 வரை ஓடினால் அதே கால் பங்குதான், ஆனால் மூன்று இடங்களுக்கு மட்டும். நான் 20/1 விலையில் (வென்றால் ஒரு யூரோவுக்கு இருபது லாபம்) ஐந்து யூரோ ஈச்-வே கட்டியிருந்தேன், மொத்தம் பத்து யூரோ. சீட்டு எழுதியபோது பட்டியலில் சரியாகப் பதினாறு குதிரைகள். இரவில் மழை கொட்டியது. காலையில் தரை சேறாகிவிட்டது என்று ஒரு பயிற்சியாளர் தன் குதிரையை விலக்கிக்கொண்டார். அது 50/1 விலைக் குதிரை. அது ஓடியிருந்தாலும் என் குதிரைக்கு ஒரு பாதிப்பும் இருந்திருக்காது. அது விலகியதற்காக யாருடைய விலையையும் குறைக்கவில்லை. ஒரு குதிரை விலகினால் மற்றவற்றின் விலையில் கழிக்கும் விதி ஒன்று உண்டு, ஆனால் அவ்வளவு நீண்ட விலைக்கு, அதாவது வெல்லும் வாய்ப்பு அவ்வளவு குறைந்த குதிரைக்கு, அது பொருந்தாது. ஆனால் பதினாறு பதினைந்தானது, நான்காம் இடம் காணாமல் போனது. என் குதிரை கடைசித் தடுப்பைத் தாண்டி, மூச்சு வாங்கி, கழுத்து நீள வித்தியாசத்தில் நான்காவதாக வந்தது. 20/1இன் கால் பங்கு 5/1; பிளேஸுக்குக் கட்டிய ஐந்து யூரோவுக்கு இருபத்தைந்து லாபமும் அந்த ஐந்தும் சேர்த்து முப்பது யூரோ திரும்பியிருக்க வேண்டும்.

விதியை யாரும் மறைக்கவில்லை. பந்தயக் கடைச் சுவரிலேயே எழுதித் தொங்குகிறது. குதிரைகள் குறைந்தால் இடங்களும் குறைவதில் நியாயம் இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். என் கோபமெல்லாம் அந்த விளிம்பின் மேல்தான். இருபத்தைந்திலிருந்து பதினாறு வரை ஒன்பது குதிரைகள் விலகினாலும் ஒன்றும் மாறாது. பத்தாவது விலகும்போது நான்கில் ஒரு இடம் வெட்டுப்படுகிறது. மழைக்குப் பெயர்போன நாட்டில், அதுவும் குளிர்காலத்தில், இது அபூர்வமாக நடப்பதல்ல. பெரிய ஓட்டங்களில் காத்திருப்புக் குதிரைகள் இருக்கும். யாராவது விலகினால் அவற்றில் ஒன்று உள்ளே வரும். ஆனால் அதற்கு ஒரு நேர வரம்பு உண்டு. அந்த நேரம் கடந்து விலகினால் அந்த இடம் காலிதான்.

இந்த ஆறு ஆண்டுகளில் நான் கற்ற முதல் பாடம்: பதினாறு, பதினேழு குதிரைகள் உள்ள ஓட்டத்துக்கு முந்தைய இரவே கட்டக்கூடாது. ஜனவரியில் கௌரன் பார்க்கில் நடக்கும் தையெஸ்டிஸ் சேஸ் போன்றவற்றுக்குக் காலை வரை காத்திருப்பேன். டிசம்பர் 27 அன்று லெப்பர்ட்ஸ்டவுனில் நடக்கும் பெரிய ஹேண்டிகேப்பிலோ முப்பது குதிரைகள் வரை ஓடும் ஐரிஷ் கிராண்ட் நேஷனலிலோ இந்தக் கவலை இல்லை. அங்கே கடைக்காரர்களே ஐந்து, ஆறு இடங்கள் தருவதாக அறிவிப்பார்கள். ஆனால் பங்கைப் பாருங்கள், பெரும்பாலும் கால் பங்கு ஐந்தில் ஒரு பங்காகியிருக்கும். அதே 20/1 குதிரை பிளேஸ் வந்தால் முப்பதுக்குப் பதில் இருபத்தைந்து. ஐந்தில் ஒரு பங்கு என்றால் 5/1 குதிரை பிளேஸ் வரும்போது கட்டிய பத்து யூரோ அப்படியே திரும்பும், அவ்வளவுதான். அதற்குக் குறைந்த விலையில் ஈச்-வே கட்டுவது பணத்தை வீணாக்குவது.

குறை இவ்வளவு. இனி இது எனக்குக் கொடுத்ததைச் சொல்ல வேண்டும்.

ஈச்-வே என்னைப் பட்டியலின் கீழ்ப்பகுதியைப் படிக்க வைத்தது. 2021இல் ஃப்ரீவீலின் டிலன் 150/1 விலையில் ஐரிஷ் கிராண்ட் நேஷனலை வென்றது. அந்த ஓட்டத்தின் வரலாற்றில் அவ்வளவு நீண்ட விலையில் வேறு எந்தக் குதிரையும் வென்றதில்லை. அடுத்த ஆண்டே அதே பயிற்சியாளர் டெர்மட் மெக்லாக்லினின் லார்ட் லாரியட் 40/1 விலையில் வென்றது. இரண்டிலும் நான் கட்டவில்லை. ஆனால் அன்றிலிருந்து நீண்ட விலைக் குதிரைகளின் பழைய ஓட்டங்களைப் பொறுமையாகப் பார்க்கத் தொடங்கினேன். ஹேண்டிகேப்பர் (எடையை நிர்ணயிக்கும் அதிகாரி) தரும் மதிப்பெண்ணில் ஒரு புள்ளி என்றால் முதுகில் ஒரு பவுண்டு. 130இல் இருந்த குதிரை நான்கு சுமாரான ஓட்டங்களுக்குப் பிறகு 122க்கு இறங்கியிருந்தால், அந்த நான்கும் அதற்குப் பிடிக்காத காய்ந்த தரையில் நடந்தவையா என்று தேடுவேன். எடையில் ஐந்து பவுண்டு சலுகை உள்ள இளம் ஜாக்கி ஏறுகிறாரா என்றும் பார்ப்பேன். ஒரே தொழுவத்திலிருந்து பல குதிரைகள் வரும் ஓட்டம் தனிக் கலை. 2023 நவம்பரில் நவனில் நடந்த ட்ராய்டவுன் சேஸில் ஓடிய இருபதில் பதினான்கு பயிற்சியாளர் கார்டன் எலியட்டுடையவை. விலை குறைந்த குதிரையை எல்லோரும் பார்ப்பார்கள். நான் ஆறாவது, ஏழாவது குதிரையை அலசுவேன்.

கால்வே பிளேட் என்ற ஓட்டத்தைப் பார்ப்பதற்கென்றே ஈச்-வே கட்டலாம். அது நடக்கும் பாலிபிரிட் மைதானத்தில் கடைசி இரண்டு தடுப்புகளும் பள்ளத்தில் அருகருகே இருக்கும். அவற்றைத் தாண்டியதும் முடிவுக்கோடு வரை நீண்ட ஏற்றம். முன்னால் போன குதிரைகள் அந்த ஏற்றத்தில் கால் சோர்ந்து தடுமாற, ஒன்பதாவதாக இருந்த என் குதிரை ஒவ்வொன்றாகக் கடந்து வருவதைப் பார்த்திருக்கிறேன். வின்னுக்கு மட்டும் கட்டியவர்கள் அதற்குள் சீட்டைக் கிழித்திருப்பார்கள்.

நோட்டைக் கூட்டிப் பார்த்தால் பிளேஸ் பாதி ஏறக்குறைய நஷ்டமின்றி நிற்கிறது. பணத்தைத் தின்றதெல்லாம் வின் பாதிதான். அப்படியிருந்தும் நண்பரிடம், "வின் மட்டும் கட்டுங்கள்" என்றேன். ஃபேரிஹவுஸில் பதினாறின் விளிம்பு அவரைத் தொடாது என்று தெரிந்தேதான் சொன்னேன். கோபத்தில் சொன்னது என்று அவர் நினைத்திருப்பார், கோபமும் இருந்தது. ஆனால் இன்னொன்றும் உண்டு. இந்த ஆண்டு கௌரன் பார்க்கில் நான்காம் இடத்துக்கு முட்டிமோதிய இரண்டு குதிரைகளிலேயே என் கண் இருந்தது. வென்ற குதிரை கடைசித் தடுப்பை எப்படித் தாண்டியது என்று பக்கத்தில் நின்றவர் கேட்டபோது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முதல் முறை நேஷனலைப் பார்க்கப் போகிறவருக்கு அது நேரக்கூடாது.

வரும் சனிக்கிழமைக்கு நான் ஒரு குதிரையைக் குறித்து வைத்திருக்கிறேன். 25/1, மதிப்பெண் ஏழு இறங்கியிருக்கிறது, சேறு பிடிக்கும். பட்டியலில் இப்போது பதினேழு குதிரைகள். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கட்டுவேன்.