கூலண்ட் டேங்க்ல மார்க்கர் கோடு, 9 வருஷ அனுபவம்

செகண்ட் ஹேண்ட்ல எடுத்த பெட்ரோல் கார், எங்கிட்ட வந்து 9 வருஷம் ஆச்சு, மீட்டர் 1 லட்சத்து 20 ஆயிரத்த தாண்டிருச்சு. முதல் 4 வருஷம் நான் கூலண்ட பத்தி, அதான் இஞ்சின் சூட்ட தணிக்க ரேடியேட்டர்ல ஓடுற திரவம், யோசிச்சதே இல்ல. கூலண்ட் டேங்க்ல குறைஞ்சா மெக்கானிக் போர் தண்ணிய ஊத்தி விட்டுருவாரு, நானும் சரின்னு வந்துருவேன். எங்க நாமக்கல் பக்கம் போர் தண்ணிய காய்ச்சினாலே பாத்திரத்துல வெள்ளையா உப்பு படியும், அதே உப்புதான ரேடியேட்டர்லயும் படியும், அது அப்ப மண்டையில ஏறல.

ஏறுனது கொல்லிமலையில. 70 ஹேர்பின் வளைவுல பாதி தாண்டியிருப்போம், டெம்பரேச்சர் முள்ளு நடுவுல இருந்து மேல போக ஆரம்பிச்சிருச்சு. ஏசிய ஆஃப் பண்ணி ஹீட்டர ஃபுல்லா வச்சு ஓரமா நிறுத்துனேன், ஹீட்டர் இஞ்சின் சூட்ட கொஞ்சம் வெளிய இழுத்துக்கும். பின்னாடி வந்தவரு ரேடியேட்டர் மூடிய தொறந்து தண்ணி ஊத்துங்கண்ணான்னாரு, நல்ல வேளை தொறக்கல, சூட்டோட தொறந்திருந்தா கொதிக்கிற தண்ணி மூஞ்சிலயே அடிச்சிருக்கும். முக்கால் மணி நேரம் காத்திருந்து மெதுவா இறங்கி வந்தோம். அப்புறம் ரேடியேட்டர கழட்டி பாத்தா உள்ள துரு கலர்ல சேறு, பாதி டியூப் அடைச்சுப் போய் புதுசுதான் போட வேண்டியதாச்சு.

அதுல இருந்து தண்ணி கலக்காத கெட்டி கூலண்ட் (கான்சன்ட்ரேட்) வாங்கி டிஸ்டில்டு வாட்டர் பாதிக்குப் பாதி கலந்துதான் ஊத்துறேன். வெறும் தண்ணி 100 டிகிரியில கொதிக்கும், இந்த கலவை 106 பக்கம், ரேடியேட்டர் மூடி ஒரு பார் பிரஷர் பிடிச்சுச்சுன்னா 125ஐயும் தாண்டும். அதனால மூடியில ரப்பர் போயிருச்சுன்னா உடனே மாத்திருங்க, சின்ன காசுதான். கலர நம்பி வாங்காதீங்க, பச்சை சிவப்புங்கறது கம்பெனி போடுற சாயம், உள்ள இருக்கிற வகை என்னன்னு மேனுவல்ல பாத்து அதையே போடுங்க. வேற வேற வகைய கலந்தா கூழ் மாதிரி கெட்டியாகவும் வாய்ப்பிருக்கு.

எனக்கு ரொம்ப உதவுனது மார்க்கர் கோடுதான். மாசத்துல ஒரு நாள் காலையில, இஞ்சின் ஆறிக் கிடக்கும்போது, டேங்க் மேல லெவல் இருக்கிற இடத்துல கோடு போட்டு தேதி எழுதுவேன். மினிமம் மேக்சிமம் நடுவுல இருக்கு போதும்னு விட்டுட்டா மெதுவா இறங்குறது தெரியவே தெரியாது. போன வருஷம் 3 மாசமா ஒரு விரல் கடை இறங்கிட்டே வந்துச்சு, ஆனா தரையில சொட்டு இல்ல. ஆயில் மூடிய தொறந்து பாத்தேன், பால் மாதிரி நுரை இல்ல, ஹெட் கேஸ்கெட்டா (இஞ்சினுக்குள்ள கூலண்டும் ஆயிலும் கலக்காம தடுக்கிற சீல்) இருக்காதுன்னு கொஞ்சம் நிம்மதி. டார்ச் அடிச்சு தேடுனா வாட்டர் பம்புக்கு கீழ ரோஸ் கலர்ல காஞ்ச கறை. பம்ப மாத்துனதோட முடிஞ்சுது, அத கவனிக்காம ஊத்திக்கிட்டே இருந்திருந்தா இன்னொரு கொல்லிமலைதான்.

வடிச்ச பழைய கூலண்ட மட்டும் வாசல்ல ஊத்திராதீங்க, தித்திப்பா இருக்கும்னு நாய் நக்கும், கொஞ்சம் உள்ள போனாலே கிட்னி போயிரும், நான் கேன்ல மூடி மெக்கானிக் ஷெட்ல பழைய ஆயில் சேர்க்கிற இடத்துலயே குடுத்துர்றேன், ஆயிலோட கலக்காம தனியா.