ஜிஆர் யாரிஸும் செம்மண் சாலையும்: என்ஜின் எண்ணெய் பற்றிய என் நீண்ட நாள் அனுபவம்

சேவைக் கையேட்டில் 10,000 கிலோமீட்டர் அல்லது 6 மாதம், இரண்டில் எது முதலில் வருகிறதோ அது என்று போட்டிருக்கிறது. என் வண்டியில் என்ஜின் எண்ணெய் 5,000 கிலோமீட்டரைத் தாண்டி ஓடியதில்லை, இனிமேலும் ஓடாது. காரணம் வண்டியின் வேகம் என்று பலர் நினைக்கிறார்கள். வேகமாக ஓட்டும் நாட்களில் அந்த எண்ணெய் நன்றாகவே இருக்கிறது. அதைக் கெடுப்பவை வீட்டிலிருந்து ஆலைக்கும் ஆலையிலிருந்து கடைத்தெருவுக்கும் நான் போய்வரும் குட்டிப் பயணங்கள்.

வண்டி 2021-இல் மலேசியாவுக்கு வந்த முதல் வடிவ டொயோட்டா ஜிஆர் யாரிஸ். புதிதாக வாங்கியது. 1,618 சிசி, மூன்று சிலிண்டர், டர்போ, 261 குதிரைத்திறன், 360 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, ஆறு கியர், நான்கு சக்கரங்களுக்கும் விசை. ஊர் சுங்கை சிப்புட். மலேசிய இந்தியர் தலைவர் துன் சம்பந்தன் பிறந்த ஊர் என்றும் மகாத்மா காந்தி கலாசாலை இருக்கும் ஊர் என்றும் சொன்னால் பேராக் மாநிலத்தில் எல்லாருக்கும் தெரியும். ரப்பர் போய்ச் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை, வந்துவிட்டது. தோட்டத்துச் செம்மண் சாலை மட்டும் அப்படியே இருக்கிறது. நான் செம்பனை ஆலையில் இயந்திரப் பராமரிப்பில் இருக்கிறேன். கியர் பெட்டிகளின் எண்ணெயை மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவது என் வேலையில் ஒரு பகுதி. எண்ணெயைப் பார்த்து இயந்திரத்தைத் தெரிந்துகொள்ளும் பழக்கம் அங்கிருந்து வந்தது.

இந்த என்ஜினில் எண்ணெய்க்கு இருக்கும் வேலைப்பளு அதிகம். பிஸ்டன்களின் அடிப்பக்கத்தில் எண்ணெயைப் பீய்ச்சித்தான் அவற்றின் சூட்டைத் தணிக்கிறார்கள். டர்போவின் பால் பேரிங்குக்கும் அதே எண்ணெய்தான். வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் விவிடி-ஐ அமைப்பு எண்ணெய் அழுத்தத்தில் இயங்குகிறது. டைமிங் சங்கிலியும் அதில்தான் நனைகிறது. இவ்வளவையும் மெலிந்த 0டபிள்யூ-20 எண்ணெய் தாங்க வேண்டும் (முன்னெண் குளிரிலும் பின்னெண் சூட்டிலும் எண்ணெய் எவ்வளவு கெட்டி என்பதைக் குறிக்கும்). அந்தத் தரத்தைத் தேர்ந்தெடுத்தது என்ஜினை வடிவமைத்தவர்கள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. என் கவலை, ஊற்றும்போது 0டபிள்யூ-20 ஆக இருக்கும் எண்ணெய் சில மாதங்கள் கழித்தும் 0டபிள்யூ-20 ஆகவே இருக்கிறதா என்பதுதான்.

இருப்பதில்லை. குளிர்ந்த என்ஜினில் பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகவே பீய்ச்சப்படுகிறது. அதில் ஒரு பகுதி சிலிண்டர் சுவரில் ஒட்டி, பிஸ்டன் வளையங்களைக் கடந்து, கீழே எண்ணெயோடு கலந்துவிடுகிறது. சிலிண்டருக்குள் நேரடியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் டர்போ என்ஜின்களில் இது இன்னும் அதிகம். நல்ல சூட்டில் நீண்ட தூரம் ஓடினால் அந்தப் பெட்ரோலும் உள்ளே படியும் ஈரமும் ஆவியாகி வெளியேறிவிடும். ஆனால் கருவிப் பலகையில் தண்ணீரின் சூடு சீக்கிரம் நடுவுக்கு வந்துவிடுகிறது. எண்ணெய் சூடேற அதைவிட வெகு நேரம் பிடிக்கிறது. ஆலைக்குப் போய்ச் சேரும்போது அது அரைச் சூட்டில்தான் இருக்கும். மாலையில் மறுபடியும் அதே கதை. நம் நாட்டு வெயிலில் இதெல்லாம் ஒரு பொருட்டா என்று கேட்பார்கள். குளிர்நாடுகளைவிட நம் நிலை மேல்தான். என்றாலும் முப்பது டிகிரியிலிருந்து தொண்ணூறுக்கும் மேல் ஏற எண்ணெய்க்கு நேரம் வேண்டுமே.

கணக்கு பார்ப்பவர்களுக்கு: வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇ-யின் தரப்படி 20 என்று முடியும் எண்ணெய் 150 டிகிரி சூட்டில், பாகங்களுக்கிடையே வேகமாக இழுபடும் நிலையில், குறைந்தது 2.6 மில்லிபாஸ்கல்-விநாடி பாகுத்தன்மையை, அதாவது கெட்டியை, காட்ட வேண்டும். 5டபிள்யூ-40 என்றால் அது 3.5. தொடக்கத்திலேயே மெல்லிய எண்ணெய். அதில் பெட்ரோலும் கலந்தால் மிச்சமிருக்கும் இடைவெளி சுருங்கிவிடும். இதைக் காட்டித்தான் நண்பர்கள் 5டபிள்யூ-40 ஊற்றச் சொல்கிறார்கள். ஒருவர் 10டபிள்யூ-60 வரைக்கும் போய்விட்டார். நான் கேட்கவில்லை. உத்தரவாதம் இருக்கும் வரை புத்தகத்தில் எழுதியிருக்கும் தரத்தைவிட்டு விலகி, நாளைக்கு என்ஜினில் ஏதாவது வந்தால் வாதாடிக்கொண்டிருக்க எனக்கு விருப்பமில்லை. அதைவிட முக்கியம், கெட்டியான எண்ணெயிலும் பெட்ரோல் கலக்கத்தான் செய்யும். கலந்த எண்ணெயைச் சீக்கிரம் வெளியே எடுப்பதுதான் நேரான வழி. தடித்த எண்ணெயை ஊற்றிவிட்டு 10,000 வரைக்கும் ஓட்டுபவரைவிட, சொன்ன எண்ணெயை ஊற்றிப் பாதியில் மாற்றுபவரின் என்ஜின் நன்றாக இருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

புட்டியில் ஏபிஐ எஸ்பி (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் எண்ணெய்த் தரக்குறி) என்று இருக்கிறதா என்று மட்டும் கட்டாயம் பாருங்கள். 2020 மே மாதம் நடைமுறைக்கு வந்த தரம் அது. சிறிய டர்போ என்ஜின்களில், குறைந்த சுழற்சியில் திடீரென்று ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது காற்று-பெட்ரோல் கலவை நேரத்துக்கு முன்பே பற்றி பிஸ்டனை உடைத்துவிடும் ஆபத்து உண்டு. அதைக் கட்டுப்படுத்துவதும் டைமிங் சங்கிலியின் தேய்மானத்தைக் குறைப்பதும் இந்தத் தரத்தின் நோக்கங்கள். பழைய கையிருப்பு என்று, முந்திய தரமான எஸ்என் எண்ணெயை மலிவாகத் தள்ளினால் வாங்காதீர்கள்.

இனிச் சேவை மையம். ஈப்போவுக்குப் போகிறேன். பழைய கூட்டரசுச் சாலையில் செம்மோர் வழியாக, கந்தான் சுண்ணாம்பு மலைகளின் ஓரமாக, சிமெண்டு லாரிகளுக்குப் பின்னால். இந்தப் பயணத்தையே ஒரு வசதியாக எடுத்துக்கொண்டேன். போய்ச் சேரும்போது எண்ணெய் முழுச் சூட்டில் இருக்கும். சூடாக இருக்கும்போது வடித்தால் அடியில் தங்கிய கசடும் சேர்ந்து வந்துவிடும்.

முதல் 1,000 கிலோமீட்டர் வருகையில் சோதனையோடு எண்ணெயையும் மாற்றச் சொல்லிக் கேட்டேன். வடித்த எண்ணெயில் வெயில் பட்டபோது மெல்லிய வெள்ளிப் பொடி மினுங்கியது. புது என்ஜினில் பாகங்கள் ஒன்றோடொன்று பழகும்போது உதிர்வது அது, பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதை இன்னும் ஒன்பதாயிரம் கிலோமீட்டர் உள்ளேயே சுற்றவிட எனக்கு மனம் வரவில்லை. புது வண்டி எடுக்கும் யாருக்கும் நான் சொல்லும் முதல் யோசனை இதுதான். அந்தத் தொடக்க காலத்தில் வண்டியை விரட்டாமல், ஒரே வேகத்திலும் ஓட்டாமல், சுழற்சியைக் கூட்டிக் குறைத்து ஓட்டுங்கள்.

அங்கே வேலை செய்யும் மெக்கானிக் தம்பி புந்தோங்கைச் சேர்ந்தவர். வாடிக்கையாளரைப் பணிக்கூடத்துக்குள் விடுவதில்லை. பாதுகாப்பு விதி, அது நியாயமும்கூட. அதனால் வேலை முடிந்ததும் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, ஐந்து நிமிடத்துக்கு மேல் காத்திருந்து, அளவுக்குச்சியை என் முன்னால் எடுத்துக் காட்டச் சொல்வேன். ஒருமுறை அவர் குச்சியைத் துடைத்துவிட்டுச் சிரித்தார். “அண்ணே, மற்றவர்கள் பில்லைத்தான் சரிபார்ப்பார்கள். நீங்கள் குச்சியைச் சரிபார்க்கிறீர்கள்.” பிறகு தானாகவே இன்னொன்றையும் காட்டினார்: வடிகால் போல்ட்டிலிருந்து கழற்றிய பழைய வாஷர். ஒரு பக்கம் அமுங்கி, விளிம்பு பளபளத்தது. அதைத் திரும்பப் போட்டால் கசியும். ஒவ்வொரு முறையும் புதியதைப் போட வேண்டும். அதிலிருந்து பழைய வாஷரை ஒரு சிறு பையில் போட்டு பில்லோடு தந்துவிடுகிறார். நான் கேட்டதே இல்லை.

இந்த ஒழுங்கு எவ்வளவு பெரியது என்பது வேறோர் இடத்தில் புரிந்தது. ஒரு தீபாவளிக்கு முந்திய வாரம், இரண்டு சேவைகளுக்கு இடைப்பட்ட எண்ணெய் மாற்றம் வர, நேரம் கிடைக்காமல் வெளியூரில் ஒரு பணிமனைக்குப் போனேன். எண்ணெய் என்னுடையது, கூலி அவர்களுடையது. குச்சியைப் பார்த்தால் மேல் குறியைத் தாண்டி ஒரு விரற்கடை நிற்கிறது. கொஞ்சம் கூடுதலாக இருந்தால் நல்லதுதானே என்றார்கள். நல்லதே இல்லை. அளவுக்கு மிஞ்சினால் கிராங்க் தண்டு எண்ணெயில் அடித்து நுரையாக்கும்; நுரைத்த எண்ணெய் பேரிங்கைக் காக்காது. மிகையானதை வடிக்கவைத்த பிறகே வண்டியை எடுத்தேன்.

இப்போது நான் வைத்திருக்கும் முறையைச் சொல்கிறேன். கையேட்டில் இருக்கும் ஒவ்வொரு சேவையும் சேவை மையத்தில், நேரத்துக்கு, முத்திரையோடு. நடுவில் ஒரு கூடுதல் எண்ணெய் மாற்றம். அதையும் பெரும்பாலும் அங்கேயே செய்துகொள்கிறேன். செலவு இந்த வண்டியின் ஒரு டயர் விலைகூட வராது. எல்லா பில்களும் தேதி, கிலோமீட்டர், எண்ணெயின் பெயர், அளவு என்று தெளிவாக இருக்க வேண்டும். முகப்பில் என்ஜின் கழுவும் திரவம், பெட்ரோல் சுத்திகரிப்பு என்று பட்டியலை நீட்டினால் வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். பாதி தூரத்திலேயே எண்ணெய் மாற்றும் என்ஜினில் கழுவ ஒன்றும் இருக்காது.

5,000 என்ற எண்ணை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. டொயோட்டா தன் தாய்நாட்டிலேயே, டர்போ பெட்ரோல் கார்களுக்குப் பொதுவான வழிகாட்டலாக 5,000 கிலோமீட்டர் அல்லது 6 மாதம் என்கிறது. கடுமையான சூழல் என்றால் அதிலும் பாதி. கடுமை என்பதில் பந்தயத் தளம் மட்டும் வருவதில்லை. கரடுமுரடான சாலை, புழுதி, நின்ற இடத்திலேயே நெடுநேரம் ஓடும் என்ஜின், எல்லாமே அந்தப் பட்டியலில் உண்டு. எங்கள் ஊருக்கு அருகே லிந்தாங் பக்கம் செம்பனைக் குலை ஏற்றும் லாரிக்குப் பின்னால் சிவந்த புழுதியில் ஊர்ந்து போகும் எவரும் அந்தப் பட்டியலுக்குள்தான் இருக்கிறோம்.

புழுதி பற்றி இன்னும் கொஞ்சம். ஆலை மாதிரிகளை அனுப்பும் ஆய்வகத்துக்கே என் சொந்தச் செலவில் காரின் எண்ணெயையும் அனுப்பிப் பார்த்தேன். பெட்ரோல் கலப்பு எதிர்பார்த்தபடியே இருந்தது, பாகுத்தன்மை இறங்கியிருந்தது. இரும்பும் அலுமினியமும் அமைதியாக இருந்தன. சிலிக்கான்தான் உறுத்தியது. எண்ணெயில் சிலிக்கான் ஏறினால் இரண்டு காரணங்களைப் பார்க்க வேண்டும்: புது என்ஜினின் ஒட்டுப்பசை கரைவது, அல்லது மண். வண்டி அப்போது புதிதல்ல. காற்று வடிகட்டிப் பெட்டியைத் திறந்தோம். வடிகட்டியின் ரப்பர் விளிம்பில் ஓர் இடம் மடிந்திருந்தது. அந்த மடிப்புக்கு நேர் கீழே, சுத்தமான காற்று போகும் பக்கத்தில், கோடு போட்டதுபோல் செம்மண் படிந்திருந்தது. வடிகட்டியை மாற்றி, விளிம்பை விரலால் சுற்றிலும் அழுத்திப் பார்த்து மூடினோம். அடுத்த மாதிரியில் சிலிக்கான் இறங்கிவிட்டது. கண்ணுக்கும் காதுக்கும் தெரியாத ஒன்றை எண்ணெய் முன்கூட்டியே சொல்லிவிட்டது. தோட்டத்துச் சாலையில் ஓட்டுபவர்கள் காற்று வடிகட்டியைக் கையேட்டின் தேதிக்குக் காத்திராமல் ஒவ்வொரு எண்ணெய் மாற்றத்திலும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

ஆய்வகம் எல்லாருக்கும் கிடைக்காது. குச்சியை மூக்கருகே கொண்டுபோனாலே பாதி தெரிந்துவிடும். பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்தாலோ, ஊற்றாமலே மட்டம் ஏறினாலோ மாற்றும் நேரம் வந்துவிட்டது. வாரத்தில் ஒருநாளாவது வண்டியை நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோங்கள். நான் கோலகங்சார் வரை போய் மெனோரா சுரங்கப்பாதை வழியாகத் திரும்புகிறேன். அந்த மலை ஏற்றத்தில் எண்ணெய் நன்றாகச் சூடேறுகிறது. ஊருக்குள் நுழையும் கடைசித் தூரத்தை மெதுவாக ஓட்டி, டர்போ தணிந்த பிறகு அணைக்கிறேன்.

பலர் மறந்துவிடும் மற்ற எண்ணெய்களும் இருக்கின்றன. இது நான்கு சக்கர விசை வண்டி. முன்னும் பின்னும், இடது வலது சக்கரங்களுக்கு விசையைப் பகிரும் டோர்சன் வகை டிஃப்பரன்ஷியல். சாதாரண நிலையில் விசை முன்னுக்கு 60, பின்னுக்கு 40. ஸ்போர்ட் நிலையில் 30-க்கு 70. மழை பெய்த தோட்டச் சாலையில் பின்பக்கம் நன்றாகவே உழைக்கிறது. கியர் பெட்டி, விசையைப் பின்பக்கத்துக்குக் கடத்தும் டிரான்ஸ்ஃபர், பின் டிஃப்பரன்ஷியல் ஆகியவற்றின் எண்ணெய்க்கு எந்தத் தரம், எப்போது மாற்றினார்கள் என்பதை பில்லில் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். முதல் முறை கியர் எண்ணெயை மாற்றியபோது குளிர்ந்த காலை வேளையில் இரண்டாம் கியர் விழுவது தெளிவாக இலகுவானது. பின் டிஃப்பரன்ஷியலுக்கு அடுத்த சேவையோடு நேரம் வாங்கியிருக்கிறேன். வடிக்கும்போது ஒரு புட்டி மாதிரியை எனக்கு எடுத்துவைக்கும்படி புந்தோங் தம்பியிடம் சொல்லியாகிவிட்டது.