உறைபனி இரவும் பூஜ்யக் கோடும்: சென்சார் நூலகங்களுடன் ஆறு ஆண்டுகள்

குன்னூரில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் வாடல் அறையிலும், உதகையை அடுத்த தலைகுந்தா பக்கம் நண்பர் ஒருவரின் கேரட் தோட்டத்திலும் வெப்பநிலை, ஈரப்பதம், காற்றழுத்தம் ஆகியவற்றை அளக்கும் சென்சார்களை ஆறு ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். முதல் மூன்று ஆண்டுகள், சென்சார் பலகையோடு விற்பனையாளர் கொடுத்த மென்பொருள் நூலகத்தையே (சென்சாரைப் படித்து எண்ணாகத் தரும் ஆயத்த நிரல்தொகுப்பு) பயன்படுத்தினேன். அதன்பின் லினக்ஸ் இயங்குதளத்தின் கருவிலேயே சென்சார்களைப் படிப்பதற்கென உள்ள ஐ.ஐ.ஓ. துணை அமைப்புக்கு மாறி, அதன்மேல் சிறிய நூலகம் ஒன்றை நானே எழுதிக்கொண்டேன்.

பழைய நூலகத்தைக் கற்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஒரு வரி எழுதினால் ஓர் எண் வரும். பிழை என்ற பேச்சே இல்லை. வாங்கிய அன்று அதைப் பெரிய வசதியாகவே நினைத்தேன். உதகையில் முதலில் பொருத்தியபோது காற்றழுத்தம் மூன்று வாரங்களுக்கு 1013.25 ஹெக்டோபாஸ்கல் என்றே அசையாமல் நின்றது. ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊரில் அழுத்தம் 770-ஐ ஒட்டித்தான் இருக்கும். மூல நிரலைத் திறந்து பார்த்தபோது, 870-க்குக் கீழே வரும் எதையும் தவறான அளவீடு எனத் தள்ளிவிட்டு, கடைசியாக ஏற்ற மதிப்பைத் திருப்பித் தரும்படியும், அப்படி ஒரு மதிப்பு இல்லையென்றால் கடல்மட்டச் சராசரியைத் தரும்படியும் எழுதியிருந்தார்கள். 1979-இல் டிப் என்ற சூறாவளியில் பதிவான 870 ஹெக்டோபாஸ்கல்தான் இதுவரை பதிவான மிகக் குறைந்த கடல்மட்ட அழுத்தம். எல்லையை அங்கிருந்துதான் எடுத்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். கடற்கரை ஊரில் குறையற்ற அந்த ஏற்பாடு, மலையேறியதும் வெயில் காயும் நாளைக்கூட நம்ப மறுத்தது. சென்சாரோ 300 வரை அளக்கக்கூடியது.

அந்த எல்லையைத் திருத்திவிட்டு நிம்மதியாக இருந்துவிட்டேன். என் தவறு அது. டிசம்பரில் உறைபனி விழுந்த ஓர் இரவு முழுவதும் தோட்டத்து வெப்பநிலை வரைபடம் கோடு போட்டாற்போலப் பூஜ்யத்திலேயே கிடந்தது. பூஜ்யம்தானே, பயிர் தாங்கிவிடும் என்று நண்பர் படுத்துவிட்டார். காலையில் பார்த்தால் பாத்திகள் வெள்ளை விரித்துக் கிடந்தன. சில நாட்களில் கேரட் இலைகள் கருகின. அங்கே இருந்தது டி.எஸ்.18பி20 என்ற சென்சார். அது ஒரு டிகிரியைப் பதினாறு பங்காக்கி, எதிர்ம எண்களை இரண்டின் நிரப்பி முறையில், அதாவது மைனஸ் குறி இல்லாமல் எண்வரிசையின் மேல்முனையில் உள்ள பெரிய எண்களாக, தருகிறது. நூலகம் அதைக் குறியில்லா எண்ணாக, அதாவது எப்போதும் நேர்ம எண்ணாக, படித்ததால் மைனஸ் 1 டிகிரி 4095 டிகிரியாகியிருக்கிறது. எல்லைச் சோதனை அதைத் தள்ளிவிட்டு, கடைசியாக ஏற்ற பூஜ்யத்தையே விடியும்வரை திரும்பத் திரும்பக் கொடுத்திருக்கிறது. 4095 என்றே வந்திருந்தால் யாராவது ஒருவர் எழுந்து பார்த்திருப்போம்.

அப்படியானால் எல்லைச் சோதனையே கூடாதா என்று கேட்கலாம். அதே சென்சார் மின்சாரம் விட்டுவந்ததும், அளவீட்டை முடிக்கும் முன் படித்தால், 85 டிகிரி என்று காட்டும். இது பழுதல்ல, அதன் தொடக்க மதிப்பு. தரவு சிதையாமல் வந்ததா என்று சரிபார்க்கும் பிழைகாண் கூட்டுத்தொகையும் சரியாகவே இருக்கும் என்பதால் அதைக்கொண்டும் பிடிக்க முடியாது. கேரட் பாத்தியில் 85 வந்தால் பொய் என்று யாருக்கும் தெரியும். தொழிற்சாலையில் தேயிலை உலர்த்தியின் காற்றோ தினமும் 85-ஐக் கடந்துதான் மேலே ஏறுகிறது. எது நம்பத்தக்கது என்பது சென்சார் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. இடம் தெரியாத நூலகம் சந்தேகத்தைக் குறித்துக் கொடுக்கலாமே தவிர, எண்ணை மாற்றக் கூடாது.

ஐ.ஐ.ஓ. 2009-இல் லினக்ஸ் கருவின் சோதனைப் பகுதியில் இடம்பெற்று வளர்ந்தது. மண் ஈரத்துக்காக வைத்திருக்கும், மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ஏ.டி.சி. சிப்பில் மூல எண், அதோடு கூட்ட வேண்டிய நகர்வு, பிறகு பெருக்க வேண்டிய பெருக்கி ஆகிய மூன்றையும் அது தனித்தனியே தருகிறது. மூல எண்ணையே சேமித்து வந்ததால், மண்ணைக் காயவைத்து எடைபோட்டு அளவுத்திருத்தத்தைச் சரிசெய்தபோது பழைய ஈராண்டுத் தரவையும் மறுபடி கணக்கிட முடிந்தது. சிப்பைக் கணினியோடு இணைக்கும் கம்பி தளர்ந்தால் பெரும்பாலும் எண் வராது, பிழைதான் வரும். குறைகளும் உண்டு. வெப்பநிலை மில்லிடிகிரியிலும் அழுத்தம் கிலோபாஸ்கலிலும் வருவதற்குப் பழகவே எனக்கு ஒரு மாதம் ஆனது. மறுதொடக்கத்தில் சாதன எண்கள் இடம்மாறக்கூடும் என்பதால் பெயரைக் கொண்டே தேட வேண்டும். டி.எஸ்.18பி20 இதற்குள் வராமல் ஒற்றைக்கம்பிச் சாதனங்களுக்கான வேறு வழியாக வருகிறது.

இந்த வேறுபாடுகளை மறைக்கத்தான் என் நூலகம். ஒவ்வோர் அளவீட்டோடும் அலகு, அளந்த நேரம், நிலை ஆகியவை சேர்ந்தே வரும். மதிப்பு இல்லையென்றால் கட்டம் காலி. இவற்றையெல்லாம் இயக்கும் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில், 5-ஆம் மாதிரிக்கு முந்தைய வழக்கமான மாதிரிகளில், மின்வெட்டைத் தாங்கும் கடிகாரம் இல்லாததால், பேட்டரியுள்ள கடிகாரச் சிப் ஒன்றையும் சேர்த்தேன். மழைக்காலத்தில் மின்சாரமும் இணையமும் சேர்ந்தே போகும் இடத்தில் அது இல்லாமல் நேரத்தை நம்ப முடியாது.

முதல் மாதம் நண்பர் சலித்துக்கொண்டார். “என்ன சார், காலியா வருது? முன்னாடி ஏதாவது ஒரு நம்பராவது வரும்ல?” என்றார். இப்போது காலிக் கட்டத்தைக் கண்டால் அவரே டார்ச்சை எடுத்துக்கொண்டு போய், பனியில் நனைந்த கனெக்டரைத் துடைத்துவிட்டு வருகிறார். அதில் வேஸ்லின் தடவும் யோசனையும் அவருடையதுதான்.