டைமிங் பெல்ட் மாற்றப் போகிறீர்களா? பழைய டென்ஷனரைக் கையில் வாங்காமல் பில் கட்டாதீர்கள்

கடலூர், புதுச்சேரி பக்கம் டீசல் கார் வைத்திருப்பவர்கள், அதிலும் வண்டி ஒரு லட்சம் கிலோமீட்டரை நெருங்கிக்கொண்டிருப்பவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எனக்குப் போனது 62,400 ரூபாயும் மூன்று வாரமும். பணம்கூடப் பரவாயில்லை, 71 வயது அம்மாவை விடிகாலையில் கிருமாம்பாக்கம் ரோட்டோரம் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, ஜிப்மருக்குப் போக ஆட்டோ தேடி அலைந்ததுதான் இன்னும் மனசுக்குள் கிடந்து அறுக்கிறது. ஒர்க்‌ஷாப்பின் பெயரை இங்கே எழுதவில்லை, புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும்.

நான் இருப்பது மஞ்சக்குப்பம், வேலை புதுச்சேரியில். தினமும் போக வர 50 கிலோமீட்டர் ஓடும். வண்டி 2016 மாடல், 1.5 லிட்டர் டீசல். போன தை மாதம் 96,000 கிலோமீட்டர் ஆகியிருந்தது. வால்வையும் பிஸ்டனையும் ஒரே தாளத்தில் ஓட வைக்கும் பல் வைத்த பெல்ட்தான் டைமிங் பெல்ட், இந்த எஞ்சினில் அது அறுந்தால் பிஸ்டன் போய் வால்வில் இடிக்கும் என்று கூட வேலை செய்பவர் சொன்னதால், காலம் தள்ளாமல் மாற்றிவிடலாம் என்று புதுச்சேரியில் நல்ல பெயருள்ள ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். அங்கிருந்த அட்வைசர், "பெல்ட், டென்ஷனர் ரெண்டும் புதுசா போட்டுடலாம் சார், வாட்டர் பம்ப் நல்லா இருக்கு, அதைத் தொட வேண்டாம்" என்றார். (டென்ஷனர் என்பது பெல்ட் தளராமல் இறுக்கிப் பிடிக்கும் உருளை, வாட்டர் பம்ப் எஞ்சினுக்குள் கூலன்ட்டைச் சுற்ற வைப்பது.) அவர் சொன்னது எனக்கு அப்போது நேர்மையான பேச்சாகத்தான் பட்டது. தேவையில்லாததைத் தலையில் கட்டாமல் விடுகிறாரே என்று நினைத்தேன்.

பில் 13,500 ரூபாய். பெல்ட் 3,200, டென்ஷனர் 4,600, கூலன்ட் 1,200, லேபர் 4,500. பழைய பொருளைக் கேட்டதற்குப் பழைய பெல்ட்டை ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார்கள். டென்ஷனர் எங்கே என்றேன். ஸ்க்ராப் மூட்டையில் போய்விட்டது, தேடி எடுக்க முடியாது என்றார்கள். சரி, பழைய இரும்பு நமக்கு எதற்கு என்று வந்துவிட்டேன். அங்கேதான் தப்பு செய்தேன்.

ஐந்தாறு மாதம் ஒன்றுமில்லை. அப்புறம் காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு மெல்லிய கீச்சுச் சத்தம், அரை நிமிடத்தில் அடங்கிவிடும். கூலன்ட் டப்பாவிலும் அளவு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது, இரண்டு தடவை ஊற்றினேன். போன் செய்து கேட்டேன். ஏசி கம்ப்ரஸர் பேரிங்காக இருக்கும், அடுத்த சர்வீஸில் பார்க்கலாம் என்று அங்கிருந்து பதில். வண்டியைக் கொண்டு வாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. புரட்டாசியில், பெல்ட் போட்டு எட்டு மாதம், 11,000 கிலோமீட்டர்கூட முழுதாக ஆகவில்லை, அம்மாவைக் கண் பரிசோதனைக்கு அழைத்துக்கொண்டு காலை ஆறு மணிக்குக் கிளம்பினேன். ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில் தாண்டி கிருமாம்பாக்கம் போகும்போது முன்னால் ஒரு தடதடப்பு, இரண்டு நொடிதான், எஞ்சின் அணைந்துவிட்டது. ஸ்டீயரிங் கல்லாக இறுகிவிட்டது, எப்படியோ ஓரம் கட்டினேன். திரும்ப செல்ஃப் அடித்தால் எஞ்சினை இழுத்துச் சுற்றும் அந்த வழக்கமான கனமான சத்தம் வரவில்லை, எதுவும் பிடிக்காமல் விர்ரென்று சும்மா சுற்றியது. அந்தச் சத்தம் கேட்டால் மறுபடி மறுபடி செல்ஃப் அடிக்காதீர்கள், வால்வு வளைந்தது போதாதென்று பிஸ்டனும் கெட்டுப்போகும். எனக்கு அது அப்போது தெரியாது, மூன்று தடவை அடித்தேன். அம்மா பின் சீட்டிலிருந்து "என்னப்பா ஆச்சு, புகை ஏதும் வருதா?" என்று கேட்டுக்கொண்டே கதவைத் திறக்கப் பார்த்தார், லாரிகள் உரசிக்கொண்டு போகிற பக்கம்.

வண்டியை டோ செய்து திருப்பாதிரிப்புலியூரில் எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக்கிடம் கொண்டு போனேன். முப்பது வருடமாக எஞ்சின் வேலை மட்டும் பார்ப்பவர். சாயங்காலம் போன் செய்து, "தம்பி, நான் எதையும் கழட்டல, கவரை மட்டும்தான் திறந்திருக்கேன், நீங்க வந்து பாத்தப்புறம்தான் கை வைப்பேன்" என்றார். ஓடினேன்.

அவர் டார்ச் அடித்துக் காட்டியதை அப்படியே சொல்கிறேன். எட்டு மாதப் பெல்ட், மேலே அச்சடித்த வெள்ளை எழுத்துகூட அழியவில்லை, ஆனால் ஒரு சாண் நீளத்துக்குப் பல்லே இல்லை, வழித்து எடுத்ததுபோல் மொட்டையாக இருந்தது. ஒரு ஓரம் பூராவும் நூல் பிரிந்து தொங்கியது. டென்ஷனர் உருளை தேய்ந்து பளபளவென்று கண்ணாடியாக, ஒரு பக்கம் மட்டும் நீலம் பாரித்துப் போயிருந்தது, சூட்டில் அப்படி ஆகுமாம். அதைக் கழற்றி என் கையில் கொடுத்து விரலால் சுற்றச் சொன்னார். மணலை அரைப்பதுபோல் கரகரத்து, பாதியில் நின்றது. பின்பக்கத்தைத் துணியால் துடைத்தார். கார் கம்பெனியின் முத்திரை, பக்கத்தில் தயாரித்த தேதி, 2016. அதாவது 4,600 ரூபாய் பில் போட்ட டென்ஷனர் வண்டியோடு வந்த அதே டென்ஷனர்தான். துடைத்து அதையே திரும்ப மாட்டியிருக்கிறார்கள்.

அப்புறம் வாட்டர் பம்ப். பம்பின் அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், உள்ளே சீல் போனால் கூலன்ட் அந்த வழியாகத்தான் கசியும். அந்த ஓட்டையிலிருந்து கீழே வரைக்கும் கூலன்ட் காய்ந்து வெளிறிய பச்சையில் பொருக்குத் தட்டியிருந்தது. பம்பின் பல்சக்கரத்தைப் பிடித்து ஆட்டினால் ஆடுகிறது. "இது இன்னைக்கு நேத்து கசியல தம்பி, அவங்க திறந்தப்பவே ஈரம் இருந்திருக்கணும்" என்றார் மெக்கானிக் அண்ணன். கசிந்த கூலன்ட் பெல்ட்டில் பட்டு, ஆடுகிற பம்பு பெல்ட்டை ஓரத்துக்குத் தள்ள, கடைசியில் டென்ஷனர் பேரிங் இறுகி நின்றுவிட, புதுப் பெல்ட் என்ன செய்யும்? வால்வுகள் இருக்கிற எஞ்சின் ஹெட்டை இறக்கிப் பார்த்தால் 8 வால்வில் 6 வளைந்திருந்தது. வால்வு, சீல், கேஸ்கெட், ஹெட் போல்ட், லேத் வேலை, ஆயில், புது பெல்ட், டென்ஷனர், பம்ப் எல்லாம் சேர்த்துத்தான் அந்த 62,400.

இந்த வேலையில் பொருள் விலையைவிடப் பிரிக்கிற கூலிதான் பெரிது, அதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். என் வண்டியில் பெல்ட்டைத் தொட வேண்டுமென்றால் வலது பக்கச் சக்கரம், உள் கவர், ஃபேன் பெல்ட், கிராங்க் புல்லி எல்லாம் கழற்றி, எஞ்சினுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து எஞ்சினைத் தாங்குகிற மேல் மவுண்ட்டை எடுத்தால்தான் கவரே திறக்கும். அத்தனையும் பிரித்த பிறகு பம்பு மாற்றுவது மிஞ்சிப்போனால் ஒரு மணி நேர வேலை. இன்று விட்டுவிட்டு ஆறு மாதம் கழித்துப் பம்பு போனால் அதே கூலியை முதலிலிருந்து திரும்பக் கொடுக்க வேண்டும், கூலன்ட் பட்ட பெல்ட்டையும் தூக்கிப் போட வேண்டும். அதனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தப் பொருள் பின்னால் கெட்டால் இதே கவரைத் திறக்க வேண்டுமா? ஆமாம் என்றால் இன்றைக்கே மாற்றிவிடுங்கள், பார்க்க நன்றாக இருந்தாலும் சரி.

அப்படிப் பார்த்தால் டென்ஷனரில் பேச்சுக்கே இடமில்லை. பெல்ட்டுக்கு வழி காட்டும் ஐட்லர் உருளை இருக்கிற எஞ்சினில் அதுவும் சேர்த்தி. அவற்றின் பேரிங்குக்குள் கிரீஸை அடைத்து மூடிவிடுவார்கள், வெளியிலிருந்து போட வழியில்லை, பெல்ட்டோடு சேர்ந்து அதுவும் அதே லட்சம் கிலோமீட்டர் சுற்றியிருக்கிறது. இன்னொன்றையும் அண்ணன் காட்டிக் கொடுத்தார்: நல்ல உருளை விரலால் சுற்றினால் சத்தமில்லாமல், லேசான இறுக்கத்தோடு ஒரே சீராகச் சுற்றும். பம்பரம்போல் லேசாகச் சுற்றிக்கொண்டே இருந்தால் கிரீஸ் காய்ந்துவிட்டது என்று அர்த்தமாம், நாம் அதைத்தான் நல்லது என்று நினைப்போம்.

பம்பு விஷயம் எஞ்சினைப் பொறுத்தது. டஸ்டர் 1.5 டீசல், ஈகோஸ்போர்ட் 1.5 டீசல், போலோ டீசல் இவற்றில் வாட்டர் பம்பைச் சுற்றுவதே டைமிங் பெல்ட்தான், அதனால் கூடவே மாற்றுவதுதான் புத்தி. பழைய மாருதி 800 மாதிரி எஞ்சினில் பம்பு ஃபேன் பெல்ட்டில் ஓடுகிறது, அங்கே பம்பு இறுகினாலும் டைமிங் பெல்ட்டை இழுத்துக்கொண்டு போகாது. எல்லாக் காருக்கும் டைமிங் பெல்ட் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்விஃப்ட் 1.3 டீசலில் பெல்ட்டுக்குப் பதில் செயின். ஐ10-இல் 1.1 எஞ்சின் பெல்ட், 1.2 செயின். செயின் வண்டிக்கு "பெல்ட் மாத்தணும்" என்று யாராவது சொன்னால் அங்கேயே சாவியை வாங்கிக்கொள்ளுங்கள்.

கிராங்க் சீல், கேம் சீல் இரண்டும் எஞ்சின் தண்டுகளின் முனையில் ஆயில் கசியாமல் அடைக்கிற ரப்பர் வளையங்கள். அதிக விலையில்லை, ஆனால் ஆயில் கசிந்து பெல்ட்டில் பட்டால் பெல்ட் ஊறிக் கெட்டுவிடும். எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் கட்டாயம் மாற்றுங்கள், லட்சத்தைத் தாண்டிய வண்டி என்றால் தெரியாவிட்டாலும் மாற்றுவது நல்லது. ஃபேன் பெல்ட்டை எப்படியும் கழற்றுகிறார்கள், வெடிப்பு இருந்தால் புதுசு. கிராங்க் போல்ட் சில எஞ்சினில் ஒரு தடவைதான், முறுக்கும்போதே இழுபட்டுவிடும், திரும்பப் போடக் கூடாது. மவுண்ட் ரப்பர் கிழிந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

கூலன்ட் பற்றி ஒரு வார்த்தை. பம்பு மாற்றினால் பழைய கூலன்ட்டைப் பிடித்து வைத்துத் திரும்ப ஊற்ற விடாதீர்கள், புதிதாக ஊற்றச் சொல்லுங்கள். கலக்குவதற்கு டிஸ்டில்டு வாட்டர்தான். நம் ஊர் போர் தண்ணீரின் உப்பு உங்களுக்கே தெரியும், குளிக்கிற வாளியில் படிகிற அதே வெள்ளைதான் ரேடியேட்டரிலும் பம்பு சீலிலும் படியும்.

இதே சாக்கில் இன்ஜெக்டர் கிளீனிங், எஞ்சின் ஃப்ளஷ், டீகார்பனைசிங் என்று நாலைந்து வரி எஸ்டிமேட்டில் சேர்ப்பார்கள். அதற்கும் டைமிங் கவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, தேவைப்பட்டால் இன்னொரு நாள் தனியாகச் செய்துகொள்ளலாம். என் எஸ்டிமேட்டிலும் இன்ஜெக்டர் கிளீனிங் இருந்தது, நான்தான் அடித்துவிட்டேன். கிளீனிங்கைப் போடச் சொன்னவர்களுக்குக் கசிகிற பம்பு கண்ணில் படவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

வேலைக்கு விடும்போதே எஸ்டிமேட்டில் ஒவ்வொரு பொருளும் தனித்தனி வரியாக, பார்ட் நம்பரோடு இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். "டைமிங் வேலை" என்று ஒரே வரியில் எழுதினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பழைய பெல்ட், டென்ஷனர், பம்ப், சீல் நான்கும் எனக்குத் திரும்ப வேண்டும் என்று ஜாப் கார்டில், அதாவது வண்டி விடும்போது எழுதும் வேலைச் சீட்டில், எழுத வைத்துக் கையெழுத்து வாங்குங்கள், பின்னால் வாயால் கேட்டால் ஸ்க்ராப் கதைதான் வரும். புதுப் பொருளின் காலி டப்பாவையும் கேளுங்கள். முடிந்தால் கவர் மூடும் முன் போய் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், உள்ளே விட மாட்டோம் என்றால் அவர்களையே வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லுங்கள். பெல்ட்டை மாட்டிய பிறகு ஸ்டார்ட் செய்யும் முன் எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, டைமிங் குறி சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். திருப்பாதிரிப்புலியூர் அண்ணன் என்னைப் பக்கத்தில் நிறுத்தி அதைச் செய்து காட்டினார், ஸ்பேனரைப் பிடித்து மெதுவாக, எங்காவது தட்டுகிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டே. கிலோமீட்டர், வருடம் எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு, உங்கள் வண்டியின் கையேட்டில் போட்டிருக்கும். குறைவாக ஓடிய வண்டி என்று பத்து வருடம் விட்டுவிடாதீர்கள், ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயசாகும்.

பழைய டென்ஷனரை எடுத்துக்கொண்டு புதுச்சேரி ஒர்க்‌ஷாப்புக்கு இரண்டு தடவை போனேன். முதல் தடவை, பம்பு போனதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்றார்கள். பில்லில் இருக்கிற டென்ஷனர் எங்கே என்று கேட்டதும் மேனேஜர் வெளியே போயிருக்கிறார். இரண்டாவது தடவையும் அவர் வெளியேதான் போயிருந்தார். அதன் பிறகு 1915-க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைத்துப் பதிவு செய்தேன், அதில் தீரவில்லை. வேலை செய்த இடம் புதுச்சேரி என்பதால் அங்கே போய் அலைய வேண்டியிருக்குமோ என்று பயந்தேன், தேவையில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும், நாம் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் பில், ஜாப் கார்டு, தேதி முத்திரை தெரிகிற போட்டோ, மெக்கானிக் அண்ணன் கைப்பட எழுதிக் கொடுத்த கடிதம் எல்லாம் இணைத்துக் கொடுத்துவிட்டேன். டென்ஷனரை மட்டும் கொடுக்கவில்லை, பிளாஸ்டிக் கவரில் சுற்றி வீட்டுப் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறேன். விசாரணைத் தேதி இன்னும் வரவில்லை, வந்ததும் எழுதுகிறேன்.

இந்த வாரம் யாராவது வண்டியை விடப் போகிறீர்கள் என்றால், எஸ்டிமேட்டைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். அண்ணனிடம் காட்டிக் கேட்டுச் சொல்கிறேன்.