வழிகாட்டி நூலா, வட்டார நூலா?

விடுமுறைப் பயணத்துக்கு முன் ஒரு நூலுக்கு மட்டுமே நேரமுள்ளவர்கள், வழிகாட்டி நூலுக்கும் செல்லவிருக்கும் வட்டாரத்தின் வரலாறு, நாவல் போன்ற வட்டார நூலுக்கும் இடையே தடுமாறுவதுண்டு.

ஆயுள்: வழிகாட்டியின் தகவல்கள் அச்சேறுவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே திரட்டப்படுவதால், கட்டணங்களும் திறப்பு நேரங்களும் விரைவில் பழையனவாகிவிடும், அட்டையின் பளபளப்பை விட்டுவிட்டுப் பதிப்பாண்டைப் பார்க்க வேண்டும். நாவலுக்கு இந்தக் கவலை இல்லை.

சுமை: வழிகாட்டியில் உரிய அத்தியாயத்தை மட்டும் எடுத்துச் சென்றால் போதும், வட்டார நூலை வீட்டிலேயே படித்து முடிக்கலாம்.

பயன்: இணையம் கிடைக்காத இடத்தில் அச்சிட்ட வரைபடம் கைகொடுக்கும். ஆனால் ஒரு கோட்டையின் முன் நிற்கும்போது, அது யாருக்கு அஞ்சிக் கட்டப்பட்டது என்பதை விரித்துரைப்பது வரலாற்று நூலே; வழிகாட்டி அதை இரண்டு வரிகளில் கடந்துவிடும்.

சில நாள்களில் பல ஊர்களைச் சுற்றுபவர்களுக்கு வழிகாட்டியும், ஒரே ஊரில் தங்குபவர்களுக்கு வட்டார நூலும், அதிலும் அவ்வூரார் எழுதியதும், பொருந்தும் என்பேன்.